மங்கலம்பேட்டையில் இல்லாத கணினி

ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, "இதை நிறுத்தாதீர்கள், ரிசல்ட் போய்விடும்" என்று நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, சிதம்பரம் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் இருந்த பழைய கணினியின் நெற்றியில் ஒட்டியிருந்தார் மாமா. என் அக்காவின் கணவர். முதல்முறை பார்த்தபோது, கம்ப்யூட்டருக்கு எங்கே அடிபட்டது என்று அவரைக் கேலி செய்தேன். "அடிபடக் கூடாதுன்னுதான் மச்சான் ஒட்டியிருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

ஒரே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் கிளைகள் இருந்தன. மாமா சிதம்பரத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டார். அங்கே அவர் 'சிஸ்டம் சார்'. டிப்ளமோதான் படித்தவர். ஆனால் டாக்டர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. நான் பொறியியல் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, கடலூர்க் கிளையில் ஆள் வேண்டும் என்று தெரிந்து, மேலிடத்தில் நாலு முறை பேசி என்னை உள்ளே சேர்த்துவிட்டவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

2009 என்று நினைவு. சென்னையில் இருந்த நிர்வாகம் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியது. அது ஒவ்வொரு கணினியையும் சோதித்து, கடவுச்சொல் சரியாக இருக்கிறதா, யாரும் தொடாவிட்டால் பத்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்கிறதா என்று வரிசையாக விதிகளைப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எல்லாக் கணினிகளின் சராசரிதான் கிளையின் மதிப்பெண். தொடர்ந்து இரண்டு மாதம் எண்பதுக்குக் கீழே போனால், அந்தக் கிளைக்குச் சொந்தமாகக் கணினி ஆள் தேவையில்லை, வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுவோம் என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டு கிளைக்கும் சேர்த்து மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாமாவைவிட நான் அதிகம் படித்தவன் என்பது ஒன்றுதான் காரணம்.

சிதம்பரத்தில் ஐந்து கணினிகள். நான்கை மாமா பளிங்கு மாதிரி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் எண்பத்தெட்டு வாங்கியது. ஐந்தாவது, அந்தப் பிளாஸ்திரிக்காரன், வாங்கியது முப்பது. ரத்தம் சோதிக்கும் இயந்திரத்தோடு ஒயர் போட்டு இணைத்திருந்த கணினி அது. திரை பூட்டிக்கொண்டால் இயந்திரத்தோடு அதற்குப் பேச்சு அறுந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் சோதனை பாதியில் நிற்கும். நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டும். அதனால் மாமா பூட்டை எடுத்துவிட்டிருந்தார். சராசரி எழுபத்தாறில் வந்து நின்றது. இந்த மாதிரி இடங்களுக்காகவே அந்த மென்பொருளில் 'விதிவிலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. காரணத்தை எழுதி, பட்டியல் தயாரிப்பவர் ஒரு டிக் போட்டால் போதும். அந்த டிக் என் கையில் இருந்தது.

இனி என் யோக்கியதை. கடலூரில் இருந்த எட்டுக் கணினிகளும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. என் சோம்பேறித்தனம், வேறு காரணம் இல்லை. அந்த வருடம்தான் எங்களுக்குப் பெரிய சர்வர் ஒன்று வந்திருந்தது. அதற்குள்ளேயே மென்பொருளால் தனித்தனிக் கணினிகளை உண்டாக்கலாம். கையால் தொட முடியாது, ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கணினி. வேலை எதுவும் செய்யாத, யாரும் திறக்காத வெறும் கணினி ஒன்றை விதிப்படி உண்டாக்கினேன். நூற்றுக்கு நூறு. அதைப் பன்னிரண்டு நகல் எடுத்தேன். பெயர் வைக்க வேண்டுமே என்று, புதிதாகக் கிளினிக் திறந்ததைப் போல மங்கலம்பேட்டை, பெண்ணாடம், மேல்பட்டாம்பாக்கம் என்று வாயில் வந்த ஊர்களை எல்லாம் வைத்தேன். கடலூரின் சராசரி எண்பத்தாறு ஆனது. சென்னைக்காரர்களுக்கு மங்கலம்பேட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. வாழ்த்துச் சொன்னார்கள்.

மாமாவின் விதிவிலக்கு விண்ணப்பம் வந்தது. நான் டிக் போடவில்லை. விதிவிலக்கு கொடுத்தால் தணிக்கைக்கு ஆள் வருவான், வந்தவன் கடலூர்ப் பட்டியலையும் புரட்டுவான் என்ற பயம். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் மாமா என்று போனில் பேசினேன். இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது. பெரிய மனது பண்ணி ஒரு யோசனையும் சொன்னேன், அந்தக் கணினி பழுதாகிவிட்டதாக எழுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று.

"இருக்கறத இல்லேன்னு எப்படி மச்சான் எழுதறது? நாளைக்கி அது நின்னுபோச்சுன்னா, இல்லாத மெஷினை எவன் வந்து பாப்பான்? ஒரு நாளைக்கி எத்தினி பேரு ரத்தம் குடுத்துட்டுப் போறாங்க தெரியுமா? ஜாஸ்தி கேக்கல. ஒரு டிக்குதான் கேக்கறேன்."

பார்க்கிறேன் மாமா என்று சொல்லி வைத்தேன். பார்க்கவில்லை. இரண்டாவது மாதமும் எழுபத்தாறு. மாமாவை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடம் வேலை பார்த்த இடத்தில் அவருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான். அதன்பிறகு கடலூரிலிருந்தே நான் அந்தக் கணினிக்குப் பூட்டு விதியை ஏற்றினேன். அப்படியும் அது தேறாததால், பழுது என்று எழுதிப் பட்டியலிலிருந்து எடுத்தேன். சிதம்பரம் எண்பத்தெட்டு ஆனது. ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குடா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தார். சிஸ்டம் சார், 'அண்ணே ரெண்டு காப்பி' ஆனார்.

2012-இல், நான் அந்த வேலையை விட்டுச் சென்னைக்குப் போன பிறகு, மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஊருக்கு வந்த சமயம், பரிசோதனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள் அக்கா. அதே ஆஸ்பத்திரி, அதே அறை. அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரி பழுத்து ஓரம் சுருண்டிருந்தது. அதற்குக் கீழே யாரோ இன்னொரு துண்டு ஒட்டி, "ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனைத் தட்டவும்" என்று எழுதியிருந்தார்கள். ரத்தம் எடுத்த பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். "பூட்டிக்கும் சார். எடுத்து வுடச் சொன்னா, வெளிக் கம்பெனிக்காரங்க, இது லிஸ்ட்லயே இல்ல, நாங்க தொட முடியாதுங்கறாங்க. மூணு வருஷமா தட்டிக்கினே கெடக்கறோம்" என்றாள். குழாய்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

மாமா முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாமா, அன்னைக்குக் கடலூர்ல நான், என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "மாசா மாசம் லிஸ்ட்டு எனக்குந்தானே வரும். மங்கலம்பேட்டையில நமக்கு ஏது கிளினிக்கு?"

ஒரு வரி எழுதிச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும், என் வேலை போயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்னக் காட்டிக் குடுத்துட்டு உங்கக்கா மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

அதைச் சொல்லிவிட்டு எழுந்தார். மடக்கிய கையை மடக்கியபடியே கணினி பக்கம் போய் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பது நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பெண் திரும்பி வந்து, பஞ்சை எடுத்துவிட்டு, குத்திய இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள்.

இன்றைக்கும் எனக்கு அதே தொழில்தான். ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு மதிப்பெண் போடுகிறேன். விதிவிலக்கு கேட்டு வரும் விண்ணப்பங்களைக் கடைசி வரி வரை படிக்கிறேன். அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். அக்கா அவர் கையைப் பிடித்துப் பிளாஸ்திரியை மெல்ல உரித்துக்கொண்டே, "ஏன்டா வாசல்லயே நிக்கற, உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போ" என்றாள். நான் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வேலை இருக்கிறது என்றேன்.