இடி தூரத்தில் இருந்தது

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில், தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். மூன்று டவுன் பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. எதற்கும் கை காட்டவில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காருபவர் எங்கே போகிறாய் என்று கேட்பார். இராஜபாளையத்தில் ஒருவர் என்னை ஊரைவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் கால் அரிக்கும். அப்படி அலைந்து வந்து சேர்ந்த இடம்தான் இராஜபாளையத்தில் ஒரு துணிப் பட்டறை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை வெளுத்து, காயப்போட்டு, சுருட்டி அனுப்புவார்கள். ஊருக்கு வெளியே, பட்டறைக் கொட்டகைக்கு எதிரே இருந்த திடலில் இரும்புத் தூண் நட்டு, வரிசையாகக் கம்பி கட்டியிருக்கும். ஈரத்துணியை அதில் விரிப்பதும் காய்ந்ததை எடுப்பதும் எங்கள் வேலை.

காய்ந்த துணியில் மழை விழுந்து மண் தெறித்தால் முதலிலிருந்து வெளுக்க வேண்டும். இடி இடித்தால் எல்லா ஊரிலும் ஜனங்கள் உள்ளே ஓடுவார்கள். நாங்கள் வெளியே ஓடுவோம்.

எங்கள் வரிசைக்கு ஓர் அக்கா பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். வாய் அதிகம். அவர் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். நான் தனி ஆள் என்பதால் வாரத்தில் இரண்டு நாளாவது எனக்கும் சேர்த்துத் தூக்குவாளியில் குழம்பு கொண்டுவருவார். "தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லாத. பொறவு தெனமும் கேப்ப" என்பார்.

எனக்கு வானம் பார்க்கத் தெரியும் என்று நானே அங்கே பெயர் வாங்கி வைத்திருந்தேன். சித்திரையில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். சூடான காற்று ஈரத்தை ஏந்திக்கொண்டு மேற்கே மலையில் ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, மதியத்துக்குமேல் மலை உச்சியில் மேகம் காலிபிளவர் மாதிரி குவியும். அதன் தலை தட்டையாகப் பரந்தால் மழை நிச்சயம். இதெல்லாம் அலைந்து தெரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் கற்றது ஒன்றுதான். மின்னல் கண்ணுக்கு உடனே தெரியும், சத்தம் காற்றில் மெதுவாகத்தான் வரும். மின்னியதிலிருந்து எண்ண ஆரம்பித்து, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் இடி எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

நான் எண்ணிச் சொல்வேன், மற்றவர்கள் அதற்குத் தக்கபடி துணி எடுப்பார்கள். அதற்காக அக்கா எனக்கு வைத்த பட்டம் வாத்தியார்.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். எங்கள் தலைக்குமேல் வெயில்தான். மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. ஒரு மின்னல் வெட்டியது. எல்லோரும் வெளியே ஓடினோம்.

"ஏலே வாத்தியாரே, எம்புட்டு?"

"பதினஞ்சுக்கா. அஞ்சு கிலோமீட்டர்."

பாதித் துணி எடுத்தபோது அடுத்த மின்னல். அதற்கும் பதினைந்து. மேகம் நகரவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று முடிவு கட்டினேன். அப்போது மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசத்தோடு வந்து துணிகளையெல்லாம் தூக்கி அடித்தது. அக்கா கையிலிருந்த துணியைச் சுருட்டியபடி நின்றுவிட்டார்.

"போதும்லே. உள்ள போயிருவோம். காத்து ஒரு மாதிரி இருக்கு."

"இன்னும் ரெண்டு கொடிதானக்கா. நெறைய நேரம் இருக்கு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"வெயில் அடிக்குது, நீங்க வேற."

அவர் மற்ற பெண்களைப் பார்த்து, "ஏட்டி, நீங்க சுமைய எடுத்துட்டு உள்ள போங்க. நானும் வாத்தியாரும் மிச்சத்த உருவிட்டு வாரோம்" என்றார். அவர்கள் போனார்கள். முதல் கொடித் துணியை நான் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அக்கா அடுத்த கம்பிக்குப் போனார்.

நான் வாசற்படியில் கால் வைத்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எண்ணுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

திடல் கோடியில் இருந்த இரும்புத் தூணில் இடி விழுந்திருந்தது. அக்காவின் கை கம்பியில் இருந்தது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். முகம் அப்படியேதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்ஸில் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனார்கள். உயிர் திரும்பவில்லை. அன்று திடலில் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆம்புலன்ஸில் வந்தவரிடம் என் கணக்கைச் சொன்னேன். ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தானே சார் இருந்தது என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நீ எண்ணுனது விழுந்து முடிஞ்ச இடிய. அடுத்தது எங்க விழும்னு அதுல எப்படித் தெரியும்? மேகத்துக்கு அங்கிட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கிற எடத்துலயும் விழும். காதுல சத்தம் கேட்டாலே நீ அதுக்கு எட்டுற தூரத்துலதான் நிக்கிற." திட்டவில்லை. தினமும் யாருக்காவது சொல்கிற மாதிரி சொன்னார்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்தபின் அக்கா வீட்டுக்குப் போனேன். வந்தவர்களெல்லாம் விதி, நேரம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கூட்டம் குறைந்ததும் அவர் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ கூட நின்னியாமே. கடைசியா என்ன சொன்னா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "போதும், உள்ள போயிருவோம்னு சொன்னாகண்ணே. நான்தான் நேரம் இருக்குன்னு சொன்னேன்."



"நீ வேணும்னு சொல்லல. அது எனக்குத் தெரியுது" என்றார். "ஆனா நாளைக்கு நீ ரோட்டுல எதுக்க வந்தா எனக்கு என்ன தோணும்னு எனக்கே தெரியல. போயிரு தம்பி. இந்த ஊர்ல இருக்காத."

எழுந்தேன். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்து இரண்டு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து, குரல் உயர்த்தாமல் சொன்னார்.

"அது அவ செருப்பு."

கழற்றி, முதலில் இருந்த மாதிரியே ஜோடியாக வைத்தேன். என் செருப்பு பக்கத்திலேயே கிடந்தது. கண்ணில் படவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியவன்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை எங்கேயும் உட்காரவில்லை.

மறுநாள் காலையில், அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு செங்கல் சூளையில் ஆள் தேவை என்று டீக்கடையில் சொன்னார்கள். போய் நின்றேன். இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அங்கேயும் மழையென்றால் வெளியே ஓடி, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வேறு வேலை தேடும் தெம்பு எனக்கு இல்லை.

சூளைக்காரர் மேற்கே பார்த்தபடி கேட்டார். "இன்னைக்கு மழ வருமாப்பா? உனக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "ஆனா ஒண்ணு. இடிச் சத்தம் கேட்டா நான் கல்ல மூடப் போக மாட்டேன். கூட நிக்கறவங்களையும் போக விடமாட்டேன். சரின்னா இருக்கேன்."

"வேலைக்கு வந்த ஆளா, சட்டம் போட வந்த ஆளாலே நீ?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து, "சரி, தார்ப்பாய காலையிலேயே போட்டுட்டாப் போச்சு. போய்க் கல்ல அடுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் கூலி பேசுவதற்கு முன் இதைத்தான் பேசுகிறேன். சில இடங்களில் வேலை கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். மற்ற இடங்களில் இடி கேட்டதும் எல்லோரையும் உள்ளே அழைத்து வந்துவிட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தும், இன்னும் ஒருவர் வர வேண்டியிருப்பது போலவே வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.