நாலடித் தொட்டியும் கேவின் செய்த ஸ்டேண்டும்

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் முப்பத்தொரு வருடம் லோரிகளுக்கு எடை பார்த்தவர் உர்சுலா. லோரி சரக்கோடு அப்படியே ஏறி நிற்கும் எடைமேடை, அதன் ஓரத்தில் ஏர்கோன் வைத்த ஒரு சிறிய அறை, அறைக்குள் உர்சுலா. ஓட்டுநர்கள் அவரை ‘தீம்பாங் அக்கா’ என்றார்கள்; மலாயில் தீம்பாங் என்றால் எடை போடுவது. தலை நரைத்த பிறகு ‘தீம்பாங் ஆன்டி’ ஆனார். அதெல்லாம் முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. தலைகீழாக நின்றாலும் ஒரு கிலோ கூடுதலாக விடமாட்டார் மனுஷி. தம்புசாமி என்று ஒரு ஓட்டுநர், பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்தி எடையைக் குறைத்துக் காட்டப் பார்ப்பார். உர்சுலா கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கை எடுப்பார்.

“தம்பு அண்ணே, பின்சக்கரம் மட்டும் தனியா எங்கயோ போவுதாம். அதையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

வரிசையில் நிற்கும் மற்ற லோரிக்காரர்கள் சிரிப்பார்கள். தங்கள் முறை வரும்வரை சிரிப்பார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிவிட்டது. ஆனால் கண்ணுக்கு யார் ஓய்வு கொடுப்பது? பாசார் சந்தையில் தர்பூசணியைத் தூக்கிப் பார்த்தே மூன்றரை கிலோ, நாலு கிலோ என்பார். கடைக்காரர் தராசில் வைத்தால் அதே எடைதான் இருக்கும். கணவர் மாரிஸ் வேட்டிக்கு மேல் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினால், “ரெண்டு கிலோ ஏறிட்டீங்க,” என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து முடித்த மாரிஸ், பச்சை சிவப்பு எது வந்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கப் பழகியவர். இல்லாவிட்டால் இந்தக் குடும்ப வண்டி எப்போதோ தடம் புரண்டிருக்கும்.

எடை போடும் இந்தப் பழக்கம் தர்பூசணியோடு நின்றிருந்தால் நல்லது. நாலு வருடத்துக்கு முன் மகள் பெர்னிஸை விரும்புவதாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்து உட்காரவைத்து உர்சுலா கேள்வி கேட்க ஆரம்பித்தார். முதல் கேள்வியில் மூன்று மாடியாக இருந்த அவருடைய வீடு ஏழாவது கேள்வியில் வாடகை அறையாகிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. பொய்யன் போனான் என்று ஊரே சொன்னது. பெர்னிஸ் மட்டும் மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை.

“பொய் சொன்னா நானே கண்டுபுடிச்சிருப்பேன், மம்மி. அதுக்குன்னு ஆள மேடையில ஏத்தி நிக்க வைக்கணுமா?”

அந்த வார்த்தை உர்சுலாவுக்கு இன்னும் வலிக்கிறது. வெளியே சொன்னதில்லை.

இப்போது பெர்னிஸுக்கு முப்பத்தொன்று. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்தக் கடையின் ஏர்கோனைக் கழுவ வந்தவன் கேவின். ரவாங் ஊர்ப் பையன். சாலாக் செலாத்தானில் இருக்கும் ஒரு ஏர்கோன் கம்பெனியில் வேலை. அந்த ஏர்கோன் ஒரே மாதத்தில் நாலு தடவை பழுதானதாகவும், அதில் மூன்று பழுது பொய்ப்பழுது என்றும் மாரிஸ் கண்டுபிடித்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். கேவின் வீட்டார் அடுத்த மாதம் பேச வருவதாக இருந்தது. அதற்கு முன்பே பெர்னிஸ் அம்மாவை அடுப்படியில் மடக்கினாள்.

“கேவின் வீட்டுக்கு வந்தா, எதக் கொண்டாந்தாலும், ‘நல்லாருக்கு’ன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேணாம். இதுவும் போச்சுன்னா இனிமே என் வாழ்க்கையில எதையும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. உர்சுலாவுக்கு அது தெரிந்தது. ஒரே மகள்.

கேவின் வெள்ளிக்கிழமை கொண்டுவந்தது ஒரு மீன்தொட்டி ஸ்டேண்டு. நாலடித் தொட்டி ஒன்று வாங்கி அரோவானா மீன் வளர்க்க வேண்டும் என்பது மாரிஸின் நெடுநாள் ஆசை. பெர்னிஸ் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரம் வேலை முடிந்து வந்து தன் கையாலேயே செய்திருந்தான். வெள்ளைப் பூச்சு, இரண்டு கதவு, மீன் தீனி வைக்க ஒரு தட்டு, கைப்பிடிகூடத் தங்க நிறத்தில். நண்பனின் லோரியிலிருந்து அதை இறக்கும்போது, குழந்தையை இறக்குவது போல இறக்கினான்.

மாரிஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். உர்சுலாவும் வந்தார். மேல்பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். சிப்போர்ட், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நாலு மூலையில் நாலு கால். நடுவில் நாலடிக்குத் தாங்கல் என்று ஒன்றுமே இல்லை. கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது.

“நல்லாருக்கு,” என்றார் உர்சுலா.

பெர்னிஸ் சிரித்தாள். அம்மாவைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மறுநாள் சனிக்கிழமை காலை, மகள் வேலைக்கும் கணவர் முடி வெட்டவும் போன பிறகு, உர்சுலா கணக்குப் போட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் இருநூற்றைம்பது கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும். நாலு தடித்த ஆண்பிள்ளைகள் அந்தப் பலகைமேல் ஏறி உட்கார்ந்து, இரவும் பகலும் எழுந்திருக்காமல் இருப்பதற்குச் சமம். மனுஷனாவது டீ குடிக்க எழுந்து போவான். தண்ணீர் போகாது.

சரி, கணக்கு தப்பாகவும் இருக்கலாம், பையன் உள்ளே ஏதாவது சட்டம் வைத்திருக்கலாம் என்று நினைத்தார். அப்படி நினைக்க ஆசைப்பட்டார் என்பதுதான் உண்மை. வாசலில் கத்தோலிக்கப் பங்குக் கோயில் உதவிக் குழுவின் அரிசிப் பைகள் நாற்பது அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. ஞாயிறு மாலை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும்வரை மாதாமாதம் உர்சுலா வீட்டில்தான் இருக்கும். எண்ணிக்கை தப்பாது என்ற நம்பிக்கை பங்குச் சாமியாருக்கு.

பலகையின் அடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நூலை இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு பையாகத் தூக்கிவந்து அடுக்கினார். பத்துப் பை வரை பலகை அசையவில்லை. பன்னிரண்டில் நூலை லேசாக அழுத்தியது. பதினைந்தில் நூல் நன்றாகவே கீழே இறங்கியது. பதினெட்டாவது பையை வைத்தபோது ‘நெறுக்’ என்று ஒரு சத்தம். கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்க வரவில்லை. மேல்பலகை வளைந்து கதவைக் கவ்வியிருந்தது.

உர்சுலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நூற்றெண்பது. பாதிக்குச் சற்று மேல்தான் வந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஸ்டேண்டின் நீளம் சரியாக நூற்றிருபது சென்டி. நாலடித் தொட்டி நூற்றிருபத்திரண்டு. இரண்டு பக்கமும் கண்ணாடி பலகைக்கு வெளியே தொங்கும். அழுகை வருவது போல இருந்தது. பையன் இவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறானே, ஒரு தடித்த பலகையாவது போட்டிருக்கக் கூடாதா?

மூன்றடித் தொட்டி என்றாலும் இருநூறு கிலோவைத் தாண்டும். அதுவும் கால்களுக்கு மேல் இறங்காமல் பாரம் முழுவதும் நடுப்பலகையில் உட்காரும். லோரியாக இருந்தால் அச்சு முறிந்திருக்கும். இரண்டடித் தொட்டி ஒன்றுதான் சரி. எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு கிலோ. அதற்குப் பலகை அசையவில்லை, கண்ணால் பார்த்தாயிற்று. ஆக, ஸ்டேண்டைப் பற்றி வாயே திறக்காமல் எப்படியாவது இரண்டடித் தொட்டியை வாங்க வைத்துவிட வேண்டும். வாழ்க்கையில் ஒரு பொய் எடை எழுதியறியாத உர்சுலா, பொய் சொல்லத் தீர்மானித்தார். பைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாசலில் அடுக்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து கேவினையும் சேர்த்து நால்வரும் கிள்ளானில் வேலாயுதத்தின் மீன் கடைக்குப் போனார்கள். நாலடித் தொட்டி வாசலிலேயே மின்னிக்கொண்டிருந்தது. மாரிஸ் அதன் முன்னால் நின்று, உள்ளே இல்லாத மீனைப் பார்த்துச் சிரித்தார்.

“ஸ்டேண்டு இருக்கா, அங்கிள்?” என்றார் வேலாயுதம்.

“நாலடி, boss. நானே செஞ்சது,” என்று கேவின் கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.

உர்சுலா ஓரத்தில் இருந்த இரண்டடித் தொட்டியைக் காட்டினார். “எனக்கு இதான் புடிச்சிருக்கு.”

“இது மீன்தொட்டியா, சோப்பு வைக்கிற சவக்காரப் பெட்டியா?” என்றார் மாரிஸ்.

“பெருசுன்னா கழுவ முடியாதுங்க. இடுப்பு வலி.”

இடுப்பு வலி உண்மைதான், பதினெட்டுப் பை தூக்கியது. ஆனால் கேவின் உடனே, “நான் வாராவாரம் வந்து கழுவிக் குடுக்கிறேன், ஆன்டி,” என்றான்.

“கரண்டு பில்லு ஏறும்.”

“பம்பு ஒரு லைட்டு அளவுக்குக்கூட இழுக்காது, அக்கா,” என்றார் வேலாயுதம்.

“வீட்டுல எடமில்ல.”

“ஸ்டேண்டே உள்ள நிக்குதே, உர்சு,” என்றார் மாரிஸ்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பழக்கமில்லாதவர் வாயில் பொய் எப்படிப் பொருந்தும்? பெர்னிஸின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. வேலாயுதம் தன் லோரி சும்மாதான் நிற்கிறது, தொட்டியை இப்போதே கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். மாரிஸ் பர்ஸை எடுத்தார். கடைப்பையன்கள் இருவர் தொட்டியின் இரு பக்கமும் கை வைத்தார்கள்.

உர்சுலாவுக்கு வீட்டுக் கூடம் கண்ணில் தெரிந்தது. அந்தத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மணிக்கணக்கில் உட்காரப்போகிற மனுஷனும் தெரிந்தார்.

“வைங்க கீழ. அந்த ஸ்டேண்டு தாங்காது.”

கடைப்பையன்கள் தொட்டியிலிருந்து கையை எடுத்தார்கள். பெர்னிஸ் அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“மம்மி,” என்றாள் மெல்ல. “ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்.”

“தெரியும்மா. நேத்தெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். முடியல.” உர்சுலா மகள் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்க. பேசாம இரு. ஆனா கண்ணாடி உங்கப்பா கால்மேல விழக்கூடாது.”

கேவின் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். அவன் காது சிவந்திருந்தது. போகப்போகிறான் என்றுதான் உர்சுலா நினைத்தார்.

“எத்தனை கிலோவுல வளைஞ்சது, ஆன்டி?”

உர்சுலா திடுக்கிட்டார். “எப்படித் தெரியும்?”

“நீங்க சும்மா வாயால சொல்ற ஆளில்லன்னு பெர்னிஸ் சொல்லியிருக்கா. வெயிட் வச்சுத்தான் பாத்திருப்பீங்க.”

“நூத்திருவதுல ஆரம்பிச்சது. நூத்தி எண்பதுல சத்தம் குடுத்துச்சு. கதவு புடிச்சிக்கிச்சு.”

“எத வச்சீங்க?”

“அரிசிப் பை. பதினெட்டு.”

“நீங்களே தூக்குனீங்களா?”

“பின்ன யாரு? பேயா வந்து தூக்கும்?”

கேவின் தலையை ஆட்டினான். “எங்க வீட்டுல நான் எதச் செஞ்சு காட்டுனாலும் ‘ok லா’ன்னுவாங்க, ஆன்டி. டிவியிலிருந்து கண்ண எடுக்கமாட்டாங்க. நல்லதுக்கும் ok லா, கெட்டதுக்கும் ok லா. நான் செஞ்ச ஒரு சாமான இப்படி ஒருத்தங்க உக்காந்து பாத்ததே இல்ல.” அவன் உர்சுலாவை நேராகப் பார்த்தான். “Thanks, ஆன்டி.”

முப்பத்தொரு வருடத்தில் எத்தனை லோரிகளைத் திருப்பி அனுப்பியிருப்பார் உர்சுலா. கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு, சாபம்கூட விட்டிருக்கிறார்கள். எடை பார்த்ததற்கு நன்றி சொன்ன ஆள் இவன் ஒருவன்தான். உர்சுலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தங்கமீன்களைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெர்னிஸ் வந்து அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

“அப்ப ரெண்டடியா?” என்றார் மாரிஸ் பரிதாபமாக.

“இப்போதைக்கு ரெண்டடி, அங்கிள்,” என்றான் கேவின். “நடுவுல ரெண்டு கால், மேல தடிச்ச பிளைவுட் போட்டு வேற ஒண்ணு செய்வோம். ஆன்டி தாங்குதுன்னு சொன்ன பிறகு நாலடி.”

“சரி, மொதல்ல வீட்டுக்கு வா, சாப்புடலாம்,” என்றார் உர்சுலா. “நீ வருவேன்னு நண்டு வாங்கி வச்சிருக்கேன்.”

வீட்டில் சாம்பாரும் முட்டையும்தான் இருந்தது. மாரிஸ் வாயைத் திறக்கப் பார்த்தார். உர்சுலா ஒரு பார்வை பார்த்தார். மாரிஸ் பாசாருக்குப் புறப்பட்டார்.