பூட்டியாச்சு

எங்கள் வேலைத்தலத்து மில்லிங் மெஷினில், ஸ்பிண்டிலின் மேல் நட்டிலும் ஸ்பிண்டிலிலும் சேர விழுந்த ஓர் இளஞ்சிவப்புக் கோடு இருக்கிறது. என் மனைவியின் நகப்பூச்சு. அவளுடைய தம்பிக்குத் தெரியாமல் நான்தான் போட்டேன்; நட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். அவனை நான் நம்பவில்லை.

மச்சானும் நானும் மன்னாரில் கூட்டாகத் தொடங்கிய வேலைத்தலம் அது. தாழ்வுபாட்டு மீனவரின் படகுகளுக்குப் புறொப்பெல்லர் தண்டுகளில் காடி, அதாவது புறொப்பெல்லர் வழுக்காமல் பிடிக்கும் பள்ளம், வெட்டுவதுதான் முக்கிய வேலை. காடி அகன்றால் நடுக்கடலில் படகு நின்றுவிடும்; பிறகு எங்கள் வாசலை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். ஏற்கெனவே பல படகுகள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரின் தண்டு பாழாகியிருந்தது. வெட்டுக்கத்தியைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் ஆடியதுதான் காரணம். மச்சான் மெஷினின் தலைப்பகுதியைக் கழற்றி, உள் நட்டைத் திருப்பி பேரிங்கின் தளர்வை எடுப்பான். அது நகராமலிருக்க மேல் நட்டை இறுக்கவேண்டும். "பூட்டியாச்சோ?" என்று கேட்பேன். "ஓம் அத்தான், பூட்டியாச்சு" என்பான். மறுநாள் திரும்பவும் ஆடும்.

அடுத்த தெருப் பட்டறைக்காரர் இந்த மெஷினை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் மாலையில் தேநீர் குடிப்பது அவரோடுதான். மெஷின் கெட்டால் யாருக்கு லாபம்? அவன் அதிகம் பேசாததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் கோட்டைப் போட்டுவிட்டு அவன்மேல் கண்ணாகவே இருந்தேன். அவன் மெஷின் பக்கமே போகவில்லை; ஓட்டியது நான்தான். மதியம் பார்த்தால் கோடு விலகியிருந்தது. ஓடிய அதிர்விலேயே நட் தளர்ந்து, கையால் சுழன்றது.

"என்னத்தையடா பூட்டினனீ?"

"கழட்டினதைத் திரும்பப் பூட்டினனான் அத்தான்."

எங்களூரில் கழற்றியதைப் பொருத்துவதும் பூட்டுவதுதான், அசையாமல் இறுக்குவதும் பூட்டுவதுதான். நான் ஒன்றைக் கேட்க அவன் மற்றதைச் சொல்லியிருக்கிறான். "கடைசி இறுக்கு நீங்கள்தானே போடுவியள்," என்றான். "நான் இறுக்கினாலும் கழட்டிப் பாக்கிறனியள்."

நான் ஸ்பானரை எடுத்தேன். அவன் உள் நட்டைப் பிடிக்க, நான் மேல் நட்டை இறுக்கினேன். இறுக்கம் கூடினால் பேரிங் கொதிக்கும் என்பதால், ஓடவிட்டு மெஷின் தலையில் கைவைத்துச் சூடு பார்த்தோம். இளஞ்சூடு, அவ்வளவுதான். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதன்பின் ஆடவில்லை. என்றாலும் அவன் சொன்னதை முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அடுத்த வருடம் அவன் வேலைக்குக் கட்டாருக்குப் போய்விட்டான்.

போன கிழமை கிறீஸ் வைப்பதற்காக மேல் நட்டைக் கழற்றினேன். அடியில், உள் நட்டிலும் ஸ்பிண்டிலிலும் சேர மெல்லிய வெள்ளைக் கோடு. படகுக்கு இலக்கம் எழுதும் பெயின்ட். நாங்கள் சேர்ந்து பூட்டியபோது அது இல்லை; பிறகு ஒருநாள், எனக்குத் தெரியாமல் திறந்திருக்கிறான். தான் வைத்த அளவை நான் மாற்றுகிறேனா என்று பார்க்க அடையாளம் போட்டிருக்கிறான். என் கோடும் பிசகாமல் திரும்ப இறுக்கியிருக்கிறான், கள்ளன். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அழைத்தான். மெஷினைக் கழற்றியதைச் சொன்னேன்.

"திரும்பப் பூட்டியாச்சோ அத்தான்?"

"எந்தக் கோட்டுக்குப் பூட்ட? உன்ரைக்கோ, என்ரைக்கோ?"



"ரெண்டும் ஒத்து வருகுதோ எண்டு பாருங்கோ," என்றான்.

அவன் சொல்வதற்கு முன்பே மேல் நட்டைத் திரும்ப இறுக்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு கோடும் ஒத்துத்தான் வந்தன.