பூசைக்கு நிறுத்திய கலக்கி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு, மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்தாள். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்கிற வேலை. மணலில் இருக்கிற சிலிக்காவோடு இன்னொரு சரக்கும் சேர்ந்ததுதான் அதன் ஓடு. உள்ளே வெறும் கூடு. வெளியே பலாக்காய்த் தோல்போலச் சொரசொரப்பு. கூட்டுக்குள் மருந்து அடைக்கலாமாம்.

முதலில் பொடிப்பொடியான பிளாஸ்டிக் மணிகளை ஸ்பிரிட்டில் மிதக்கவிட்டு, சிலிக்கா திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். மணிமேல் ஓடு பிடித்ததும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை வேறு திரவம் ஊற்றிக் கரைத்துவிடுவாள். கரைக்காமல் சூளையில் வைத்து எரித்தால் பிளாஸ்டிக்கோடு ஓட்டில் சேர்த்த அந்த இன்னொரு சரக்கும் எரிந்துபோகும் என்பாள். ஓடு பிடிக்கும்வரை மின்சாரக் கலக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

படமெடுக்கிற பெரிய மைக்ராஸ்கோப் வெளியூரில். வெகுநாள் காத்திருந்து ஒரு நாள் கிடைத்திருந்தது. உதவித்தொகையும் அந்த மாதத்தோடு சரி. படம் வந்தால்தான் பட்டம். மிச்சமிருந்த திரவத்தையெல்லாம் ஊற்றி, கலக்கியில் ‘நிறுத்த வேண்டாம்’ என்று தாள் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஆயுதபூசை விடுமுறை. ஆளில்லாத இடமென்று என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். அவள் கிளம்பிய பிறகு முந்தின சாயங்காலமே அங்கே பூசையை முடித்திருந்தார்கள். கலக்கி நின்றிருந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம். தாளுக்கும் ஒரு பொட்டு. குடுவையின் அடியில் வெள்ளையாக ஒரே கட்டி.

அட்டெண்டர் அண்ணாச்சி பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

“நாந்தான் அணைச்சேன் தாயி. வருசம் பூரா சுத்துதுல்லா, ஒருநாள் ஓயட்டும்.”

“தாள் ஒட்டியிருந்தேனே அண்ணாச்சி.”

“பாத்தேன். அதுக்கும் பொட்டு வச்சிருக்கேன் பாருங்க. சாமிக்காக நிறுத்துனதுல என்ன கெட்டுப்போச்சு?”

“ஒண்ணும் கெடல. என் படிப்புதான்.”

பொட்டலத்தை என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

பேராசிரியர் போனில், “இன்னொரு தரம் செஞ்சிரும்மா” என்றார். எதை வைத்து என்று சொல்லவில்லை. மைக்ராஸ்கோப் நாள் வேறொருவருக்குப் போனது. இப்போது மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அண்ணாச்சியைப் பக்திமான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கசக்கிறது.

உருண்டை செய்கிற முறையை நான் முன்பின்னாக எழுதியிருக்கலாம். அந்தப் படிப்புப் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். மகளிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.