ஏழு முறை தரை தொட்ட விமானம்

ஓக்கோ ரெம்மர்ஸை முதன்முதலில் பார்த்தபோது நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். பல்கலைக்கழகப் பட்டத்தோடு நான் வட ஜெர்மனியில் கடலோரமுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா அந்தச் சான்றிதழைச் சமையலறைச் சுவரில், கன்று ஈனும் தேதிகள் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். தேநீருக்கு யார் வந்தாலும் அதற்கு நேர் எதிரே உள்ள நாற்காலிதான் அவர்களுக்கு. அன்று காலை பால் எடுக்கும் டேங்கர் லாரி முற்றத்துக்குள் வந்தது. ஓட்டுநர் எங்கள் தடத்துக்குப் புதியவர்; அப்பாவுக்குத் தெரிந்தவர்தான், நான்தான் பார்த்ததில்லை. பால் தொட்டியில் குழாயை மாட்டிவிட்டு, அது உறிஞ்சி முடிக்கும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடல் பக்கத்து வானத்தையே பார்த்தபடி நின்றார்.

"மொய்ன்," என்று எங்கள் ஊர் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, "அங்க என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல."

"பின்ன எதைப் பாக்குறீங்க?"

"தெரியறதுக்கு முன்னாடியே பாக்கணும். தெரிஞ்சப்புறம் மாடுகூடப் பாக்கும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மேகத்தின் அடியிலிருந்து ஒரு சிறிய வெள்ளை விமானம் சத்தமே இல்லாமல் வெளியே வந்தது. வயிற்றோரம் கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் மெல்லிய பட்டை. அதற்கு மேல் நாட்டின் பெயர், நீளமாக. சத்தம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. அப்பா தொழுவத்திலிருந்து தலையை நீட்டி, "மந்திரியா?" என்று கேட்டார்.

"வாலைத்தான் பாத்தேன், ஹின்ரிஷ். உள்ள யாருன்னு நான் பாக்கறதில்ல," என்றார் ஓக்கோ. பிறகு சட்டைப்பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்து, எதுவும் எழுதாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் விமான நிலையம் என்பது ஒரு காலத்தில் ராணுவத்துக்காகப் போட்ட ஓடுபாதையும், அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையும்தான். கோடையில் தீவுகளுக்குப் போகும் சின்ன விமானங்கள், எட்டுப் பேர் ஏறினால் நிறைந்துவிடும். ஆனால் ஓடுபாதை நீளம், வானம் காலி. அதனால் வருடத்தில் ஐந்தாறு தடவை ஜெர்மன் அரசின் விமானங்கள் அங்கே வரும். அவற்றுக்காகவே ஓக்கோ முப்பத்தோரு வருடமாக அந்த வேலியோரம் நின்றிருக்கிறார். முதலில் டிராக்டர் பழுது பார்ப்பவராக, பிறகு பால் வண்டி ஓட்டுபவராக. சுற்றுலா விமானங்களை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதெல்லாம் டிக்கெட் வாங்கினவனோடது. இது நம்ம எல்லாரோடதும். நான் கட்டுற வரியில அதுல ஒரு திருகாணியாவது எனக்குச் சொந்தமா இருக்கும்ல. எந்த ஆணின்னு தெரியல, அதான் முழுசா பாக்குறேன்."

அவர் நோட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. விமானம் எங்கள் ஓடுபாதையில் இறங்கி, நிற்க வேண்டும். சக்கரம் முழுதாக அசைவற்று நின்ற பிறகுதான் எழுதலாம். மேலே பறந்துபோனது கணக்கில் வராது. அந்தச் சட்டத்தை இயற்றியவர் அவரே, காவலும் அவரே. அரசிடம் இருந்த விமானங்கள் ஒவ்வொன்றும் இந்த முப்பத்தோரு வருடத்தில் எங்கள் ஊரில் வந்து நின்றுவிட்டன, ஒன்றைத் தவிர. அது இருந்ததிலேயே பெரியது, நான்கு இயந்திரம் கொண்டது. வசந்த காலத்தில் அதை விற்றுவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. அதன் எண்ணை ஓக்கோ நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, எதிரே தேதிக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் நிரம்புமா என்பதுதான் அந்த வருடம் அவருக்கு இருந்த ஒரே கவலை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. ரொட்டிக் கடையில் அம்மாவுக்காகத் திராட்சை ரொட்டி வாங்க நின்றிருந்தேன். வாசலில் பால் வண்டி. எனக்கு முன்னால் ஓக்கோ, அவருக்கு முன்னால் எங்கள் ஊர்த் தலைவி டொம்மா. ஓக்கோவின் கைபேசி அடித்தது. அரசு விமானங்கள் கிளம்பும் கொலோன் நகரில் இருக்கும் அவருடைய நண்பர், அவரும் அங்கே வேலியோரம் நிற்பவர்.

ஓக்கோ கேட்டார், கேட்டார், கடைசியில், "வடக்கயா?" என்று மட்டும் சொன்னார். காது மடல் சிவந்துவிட்டது. வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல், "பெரிசு வருது," என்றார்.

டொம்மா திரும்பினார். "எது பெரிசு?"

"அரசாங்க விமானம். இருக்கறதுலயே பெரிசு. இங்கதான் வருதுன்னு நினைக்கிறேன்."

"இங்கயா? எப்ப?"

"அரை மணி நேரம்."

டொம்மாவுக்கு அறுபத்தாறு வயது, குரல் படகுத்துறைக்குக் கேட்கும். எங்கள் ஊர் வயல்களின் தண்ணீரை மதகு வழியாகக் கடலுக்குத் தள்ளும் நீரேற்றும் நிலையம் பழையதாகி, மூன்று குளிர்காலமாகப் பாதி வயல் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. அதற்காக அவர் பெர்லினுக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். மூன்றாவதில், யாராவது நேரில் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்.

"கடைசியில வந்துட்டாங்க," என்றார் டொம்மா மெதுவாக. பிறகு கடைக்காரப் பெண்ணிடம், "அந்த ஆப்பிள் கேக் மொத்தத்தையும் கட்டு," என்றார்.

ஓக்கோ அதைத் திருத்தவில்லை. மறைத்தார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவருக்கு அந்தப் பேச்சே காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே வேலியோரம் போய்விட்டிருந்தார், உடம்பு மட்டும் கடையில் சில்லறைக்காக நின்றது.

அரை மணி நேரத்தில் நாற்பது பேர் வேலியில் வரிசை கட்டினார்கள். கேக் வந்தது. தேநீர்க் குடுவைகள், கற்கண்டுக் கிண்ணம், பாலேடு எல்லாம் ஒரு மடக்கு மேசைக்கு வந்துவிட்டன. எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் ஏழு பேர் நீலக் கட்டம் போட்ட மீனவர் சட்டையை ஜாக்கெட்டின் மேலேயே மாட்டிக்கொண்டு வந்தார்கள். டொம்மா மூன்றாவது கடிதத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். பதினோரு வீட்டுப் பாலோடு டேங்கர் லாரி சாலையோரம் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டகைக்கு வெளியே மாடிப்படி வண்டி நின்றுகொண்டிருந்தது. பெரிய விமானத்திலிருந்து ஆள் இறங்கும் அந்த வண்டியை நான் வெளியே பார்த்ததே இல்லை.

"படியெல்லாம் போட்டுட்டாங்க பாரு," என்று யாரோ சொன்னதும் ஓக்கோ முதன்முறையாக அந்தப் பக்கம் திரும்பினார். படியைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

அது வந்தது.

மழை பெய்து ஓய்ந்த வெளிச்சம். வயல்களில் தேங்கிய தண்ணீர் எல்லாம் வானமாக இருந்தது, வானத்துக்கும் தரைக்கும் நடுவே வேலி மட்டும் ஒரு கோடு. அந்த இரண்டு வானத்துக்கும் இடையே முதலில் நான்கு விளக்குகள், அவை அசையாதவைபோல் வெகுநேரம் நின்றன. பிறகு விளக்குகளைச் சுற்றி வெண்மை கூடியது. வெண்மைக்கு இறக்கை வந்தது. ஒரு கப்பலை யாரோ தூக்கத்தில் மிதக்கவிட்டதுபோல அவ்வளவு மெதுவாக வந்தது. கீழே தண்ணீரிலும் ஒன்று தலைகீழாக அதனோடேயே வந்தது. எங்கள் தலைக்கு மேல் வந்தபோது அதன் வயிற்றில் இருந்த ஒவ்வொரு தையலும் தெரிந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டன, நீலப் புகை கிளம்பியது. பாடகர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

இயந்திரங்கள் உறுமின. மூக்கு மேலே எழுந்தது. விமானம் படியைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, மறுபடியும் வானத்துக்குப் போய்விட்டது.

பாதி ஊற்றிய தேநீரை அப்படியே பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

"ஏன் நிக்கல?" என்றார் டொம்மா.

"திரும்பி வரும்," என்றார் ஓக்கோ.

திரும்பி வந்தது. தொட்டது, எழுந்தது, போனது. மூன்றாவது முறையும் அப்படியே. அதற்குள் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் என்னோ என்பவன் கையில் தண்ணீர்க் குழாயோடு வேலிக்கு வந்தான்.

"என்ன இன்னிக்கு? ஊரே திரண்டிருக்கு?"

"மந்திரி வர்றாரு," என்றார் டொம்மா.

"எந்த மந்திரி? அதுல பைலட்டுங்கதான் இருக்காங்க, ரெண்டு பேரு. புதுசா ஒருத்தருக்குப் பழக்குறாங்க. தொட்டுட்டுப் போறது, தொட்டுட்டுப் போறது. காலையிலயே ஃபோன் பண்ணிக் கேட்டாங்களே."

"அப்ப அந்தப் படி?"

"கழுவ எடுத்தேன். குருவி எச்சம்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் டொம்மா சிரிக்கவில்லை. ஓக்கோவின் முன்னால் போய் நின்றார்.

"உனக்குத் தெரியுமா ஓக்கோ, உள்ள யாரும் இல்லன்னு?"

"நான் உள்ள பாக்கறதில்ல டொம்மா."

"நாற்பது பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"நீதான் கூட்டின. நான் விமானம் வருதுன்னேன். வந்துச்சு."

"ஆளில்லாத விமானத்தைப் போய்ப் பாக்க எவன்டா வருவான்?"

"நான் வருவேன்," என்றார் ஓக்கோ.

அவர் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அதற்குள் நான்காவது தடவையாக அது வந்துவிட்டது, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மந்திரி இல்லை என்று தெரிந்த பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்பதுதான் விசித்திரம். கேக் வெட்டப்பட்டது. கற்கண்டு தேநீரில் விரிசல் விட்டது. பாடகர்கள், சட்டை போட்டதற்காகவாவது பாடிவிடுவோம் என்று தொடங்கினார்கள். விமானம் வரும்போது பாட்டு மூழ்கிப்போகும், அது போனதும் அடுத்த வரி நீருக்குள்ளிருந்து வெளிவரும். ஐந்து. ஆறு. நேரம் என்பது அன்று அந்த வட்டம்தான். வெளிச்சம் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. டொம்மாகூட ஒரு முறை, வாய் லேசாகத் திறந்தபடி, அதன் பின்னால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

ஓக்கோ மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தையே பார்த்தார். நில்லு, என்று அவர் உதடு அசைந்தது.

ஏழாவது முறை எழுந்தபோது அது வட்டம் போடவில்லை. தெற்கே திரும்பியது. விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போய், எது விளக்கு எது தண்ணீரின் மினுக்கம் என்று பிரிக்க முடியாமல் ஆயிற்று.

ஓக்கோ கையில் நோட்டு திறந்தே இருந்தது. பேனாவும்.

"எழுதுங்க," என்றேன் நான். "ஏழு தடவை தொட்டுச்சே."

"எழுதுப்பா," என்றான் என்னோ. "நின்னதுக்குமேலயே ஆச்சு. யாரு வந்து கேக்கப் போறா?"

"படிச்ச புள்ளயே சொல்லுது, எழுது," என்று பாடகர்களில் ஒருவர்.

அவர் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். முனை தாளைத் தொட்டுவிட்டது என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு பக்கத்தில். நாங்கள் எல்லாரும் அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டொம்மாதான் பேசினார். "அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. நிக்காததை நின்னுச்சுன்னு எப்படி எழுதுவான்? நானும் நாளைக்குக் கூட்டத்துல, பெர்லின்லேர்ந்து யாரும் வரலன்னுதான் எழுதணும்."

ஓக்கோ அவரைப் பார்த்தார். பேனாவை மூடினார். "கேக் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். டொம்மா ஒரு பெரிய துண்டை வெட்டிக் கொடுத்தார். இருவரும் மேசையருகே நின்றே சாப்பிட்டார்கள். அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, பால் ஆலையிலிருந்து. ஒன்றரை மணி நேரத் தாமதத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பால் கெடவில்லை.

அந்த விமானம் அதன் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. மார்ச்சில் அதை விற்றுவிட்டார்கள். நீரேற்றும் நிலையத்துக்குப் புது இயந்திரம் நான்காவது கடிதத்துக்குப் பிறகு வந்தது, லாரியில்.

ஓக்கோ ரெம்மர்ஸுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. பால் வண்டியை விட்டுவிட்டார். கடற்கரைச் சாலையில் மனைவி கேஷேயோடு இருக்கிறார், இடது இடுப்பில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் வேலிக்கு வருகிறார். முதல் பக்கத்தில் அந்த எண்ணுக்கு எதிரே தேதி இல்லை.