யன்னலில் காயப்போட்ட வெள்ளைத் துணிகள்

சண்டை நடக்கும் வன்னியில் இருக்கும் அக்காவிடமிருந்து மூன்று கிழமையாகத் தகவல் இல்லை. அவளுடைய மகனுக்கும் என் மகனைப் போல எட்டு மாதம். தொலைபேசியையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் போன சனிக்கிழமை, இந்த 2009 மாசிக் குளிரில், மொன்றியல் நகர மையத்துக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஜெர்மனியின் கடைசிப் போர் வருடங்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி. சனம் எப்படித் தப்பியது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

"உந்தக் குளிருக்க பிள்ளையையும் கொண்டு போறீரோ?" என்றார் கணவர்.

"வீட்டில இருந்தா உங்களைத்தான் கடிப்பன்."

"அப்ப போட்டு வாரும்" என்று பிள்ளைக்குத் தொப்பியை அவரே மாட்டிவிட்டார்.

சென்ட் லோரன்ட்டிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ. ஒரே சீட்டு, 2.75 டொலர், முக்கால் மணித்தியாலம். மெட்ரோவில் மின்தூக்கி இல்லை. ஆனால் தள்ளுவண்டியோடு படியடியில் நின்றால் போதும், யாராவது மறுபக்கத்தைப் பிடிப்பார்கள். எனக்கு வண்டியைப் பிடித்துத் தந்த பெண், நான் நன்றிக்கு ஒரு மெர்சி சொல்ல முன்னரே போய்விட்டாள்.

படங்களில் இடிந்த தெருக்கள். பள்ளிக்கூட வயதுப் பெடியளும் கிழவர்களும் துவக்கோடு வரிசையில். தோற்றுப்போவோம் என்று முணுமுணுத்தவர்களை அயலவரே காட்டிக்கொடுத்தார்களாம். வானொலி மட்டும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்ததாம். ஒரு படத்தில் தெரு முழுக்க வெள்ளைத் துணி. எங்கள் ஊரில் செத்தவீட்டு ஒழுங்கை இப்படித்தான் இருக்கும். அங்கே தொண்டராக நின்ற, எழுபது தாண்டிய ஜெர்மன்காரி எரிக்காவிடம், "யார் பெரிய ஆள் செத்தது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "ஒருத்தரும் சாகேல்லை. சரணடையிறம் எண்டு கட்டினது. ஒருநாள் முந்திக் கட்டினா எங்கட ஆக்களே வந்து வீட்டு ஆம்பிளையளைச் சுடுவினம். கட்டாட்டி அமெரிக்கன் சுடுவான். எங்கட வீட்டில அப்பப்பாவும் கைக்குழந்தைத் தம்பியும். அம்மா தம்பியின்ர வெள்ளை மூத்திரத் துணியெல்லாம் தோய்ச்சுத் தெருப்பக்க யன்னலில போட்டா. கட்சிப் பெரியவர் வந்து உதென்னெண்டு கேட்டார். 'பிள்ளை மூத்திரம் பெய்யக் கூடாதெண்டும் உத்தரவு வந்திட்டுதோ?' எண்டா அம்மா. அவர் அப்பப்பாவை ஒருக்காப் பார்த்தார். பேந்து திரும்பிப் போயிட்டார். அண்டைக்கு இரவே காரில ஊரைவிட்டு ஓடிட்டார். விடிய அமெரிக்கன் வந்தான். துணியைக் கண்டிட்டுச் சுடேல்லை."

"தம்பி?" என்றேன்.

"இங்க பக்கத்தில, டோர்வலில இருக்கிறான். என்னை ஏத்த வாறான், பாரும்."

சப்பாத்தில் பனியோடு, தொந்தியோடு வந்தார் அந்தத் தம்பி, அறுபத்து நாலு வயது. "மூண்டு தரம் சுத்தினன். இந்த ஊரில கார் விட ஒரு இடமில்லை."

"பிறந்ததிலயிருந்து உப்பிடித்தான்" என்றார் எரிக்கா.

வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். பிள்ளைக்குக் கார் இருக்கை இல்லை, நான் ஏறவில்லை. அவர் கோபிக்காமல் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவின் அடிப்படிவரை வந்து விட்டுவிட்டுப் போனார்.

போக விரும்புகிறவர்களுக்கு: பங்குனி முடியும்வரை சனிக்கிழமைகளில் திறந்திருக்கும், இலவசம். மண்டபம் குளிர், பிள்ளைக்கு ஒரு போர்வை கூடக் கொண்டுபோங்கள். துணி மாற்ற மேசை உண்டு. எரிக்காவைக் கண்டால் என் நன்றியைச் சொல்லுங்கள்.

அக்காவிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. அவளுடைய மகனும் அறுபத்து நாலு வயதில், எங்காவது ஒரு தெருவில், கார் விட இடமில்லையென்று புறுபுறுக்க வேண்டும்.