எல்லாரும் வந்தாச்சா?

அம்மாவின் பேச்சையும் கைப்பக்குவத்தையும் பார்த்து, அவரை உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண் என்றே உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். அவர் பிறந்தது வால்பாறை மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில். நம் ஊரில் நிலமில்லாமல் கூலிக்கு மலையேறிய குடும்பம். அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கு அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவைப் பாதிதான் சொன்னதாகும்.

மலையைப் பற்றிப் பேசும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வார். காலையில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து பாய்மேல் உட்காருமாம். கொழுந்து கிள்ளுகிற தன் கை தெரியுமாம், பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாதாம். பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பார்களாம். "அங்க வெயிலு விருந்தாளி மாதிரி, வந்தா வந்துச்சு" என்பார். சித்திரைப் புழுக்கத்தில் வேர்த்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். "மலையேறிட்டாங்க, அந்த ஃபேனைப் போடு" என்பார் அண்ணன். அம்மாவுக்கு அது காதில் விழாது.

கல்யாணம் முடிந்து அப்பாவோடு இறங்கி வந்த முதல் சாயங்காலமே அம்மா வாசலில் நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அது லைன் வழக்கம். பனி இறங்கும் நேரத்தில் ஒருவர் கூவினால், வீட்டில் இருப்பவரும் வழியில் வருபவரும் "வந்தாச்சு" என்று பதில் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் மலை ஏது, வழி மறைக்கிற பனி ஏது? "இன்னாடி இது, மருமவ ஊரைக் கூட்டிக்கினு கீறா" என்று சிரித்தார்களாம். அப்பா மட்டும் வரப்பில் வந்துகொண்டே "வந்துட்டேன்" என்றாராம். தாம் கண்ணை மூடும்வரை அந்தப் பதிலை அப்பா ஒரு நாளும் விட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பாடு. அண்ணனும் நானும் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போன காலத்திலும், பொழுது சாய்ந்தால் ரூமுக்கு வந்ததை போனில் சொல்லியாக வேண்டும். "அண்ணனும் வந்துட்டாரும்மா" என்று நான் சேர்த்துச் சொன்னால் போச்சு. "ஏன், அவனுக்கு வாய் இல்லியா?" என்பார். அண்ணன் குரலைக் கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். இது என்ன பேஜார் என்று நாங்கள் அலுத்துக்கொண்டதுண்டு.

உடம்பு தளர்ந்த கடைசி மார்கழியில் அம்மா மனதால் மலைக்கே திரும்பிவிட்டார். ஏரிப் பக்கமிருந்து பனி வரத் தொடங்கியதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, லைன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்களில் பலர் எப்போதோ இறந்துபோனவர்கள். "எல்லாரும் வந்துட்டாங்கம்மா" என்போம். "நீ சொல்லாத. அவங்க சொல்லட்டும்" என்று கஞ்சியைத் தள்ளிவிடுவார். எதிர்வீட்டு அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று, குரலை மாற்றிப் பதில் கொடுத்துப் பார்த்தார். "யாராண்ட வெளையாடுற? இது உன் கொரலு" என்றார் அம்மா. நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் நாளுக்கு நாள் பட்டினியில் இளைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் அண்ணன் மலையேறினார். லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தனவாம். அங்கேயே உழைத்து அங்கேயே தங்கிவிட்ட அம்மாவின் தோழி ஒருவர் இருந்தார். அவரைப் பெரியம்மா என்கிறோம். அம்மா ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாததை அவர்தான் சொன்னார். அம்மா சிறுமியாக இருந்தபோது, ஒரு மாலை அவருடைய அப்பா, எங்கள் தாத்தா, தேயிலைக் காட்டு வேலையிலிருந்து திரும்பவில்லை. லைனில் கூவியபோது யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில், "அவரும் பின்னாலயே வராரு" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பனி விலகிய காலையில் ஓடைப் பள்ளத்திலிருந்து தாத்தாவைத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. அன்றிலிருந்து அந்த லைனில் ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்வதில்லை. அண்ணன் இதை போனில் சொன்னபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து மறுபடி போன் வந்தது. அம்மாவின் காதருகே பிடித்தேன். அம்மா தோழியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "நான் வந்துட்டேன்டி. அடுப்புகிட்ட உக்காந்திருக்கேன்" என்றார் பெரியம்மா. அம்மாவின் முகம் தெளிந்தது. பிறகு பெரியம்மா, இத்தனை காலமும் எங்கள் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாததைக் கேட்டார்.

"நீ வந்தாச்சாடி?"

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இல்லடி, வந்துக்கினே கீறேன். பனி ஜாஸ்தி. மெதுவா வரேன்."

அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். பொங்கலுக்குள் எங்களை விட்டுப் போனார்.

அதுவரை தினமும் பொழுது சாயும் நேரத்தில் போன் போட்ட பெரியம்மாவுக்கும், அம்மாவை எங்களோடு சேர்ந்து குளிப்பாட்டிய எதிர்வீட்டு அத்தைக்கும், கடைசி வழிக்குத் தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். காரியமெல்லாம் முடிந்த அன்று மாலை பெரியம்மா போனில், "அவ வந்தாச்சாம்மா?" என்று கேட்டார். வந்துட்டாங்க என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

உறவுகளே, இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் புறப்படுங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள். வீட்டுக்காரருக்காக மனைவியோ, அம்மாவுக்காகப் பிள்ளையோ சொல்ல வேண்டாம். அவரவர் வாயால் சொல்லுங்கள். அதுவரை நான் சாப்பிடாமல் காத்திருப்பேன்.